பினாங்குக் கொடிமலையில் ஓட வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு விடியலில் பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் கூடும் பத்துப் பதினைந்து பேர் நாங்கள். சங்கமோ சந்தாவோ கிடையாது, ஒரே நிறச் சட்டையும் கிடையாது. தீவின் காட்டுப் பாதைகளில் ஓடுகிறோம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் கைப்பேசியில் கேட்பது எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. ஆகவே மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடு முழுக்க ஓடியேவா ஏறுவீர்கள்?

இல்லை, நடப்போம். செங்குத்தான மேட்டில் ஓடுகிறவரும் விறுவிறுவென்று நடக்கிறவரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய்ச் சேர்வார்கள். ஓடியவருக்கு மேலே போனதும் பேச மூச்சு இருக்காது. கைகளைத் தொடைமேல் ஊன்றி, குட்டிக் குட்டி அடியாக வைத்து ஏறுங்கள். சமதரை வந்ததும் ஓடுங்கள், இறக்கத்தில் ஓடுங்கள். மலையோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி நேரம் நடக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். பெரிய போட்டிகளில் முன்னால் போகிறவர்களும் நடக்கிறார்கள், நம்மைவிட வேகமாக.

பாடாங் திடல் பக்கம் தார் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தில் ஓடுவேன். மலையிலும் பத்து ஓடலாமா?

கிலோமீட்டர் கணக்கை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மலையில் மணிக்கணக்கு ஒன்றுதான் உதவும்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: நடப்பவருக்கு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதை நம்ம ஊரில் போட்டுப் பாருங்கள். பூங்கா வாசலிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் ரோடு சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் 650 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எங்களோடு நடந்து ஏறுகிறவர்கள் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் மேலே வருகிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் போட்ட கணக்கு பினாங்குப் புழுக்கத்துக்கும் ஒத்து வருவது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

தார் ரோட்டிலேயே இப்படி என்றால் வேரும் பாறையும் நிறைந்த பாதையில் இன்னும் கூடும். முதல் இரண்டு மாதம் "இன்று ஒன்றரை மணி நேரம்" என்று வைத்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு தூரம் ஆனது என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சப்பாத்து வாங்க வேண்டும்? கடையில் அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறான்.

அதிகம் வரும் கேள்வி இதுதான். அறுநூறு வெள்ளியை இப்போதே கொட்டாதீர்கள்.

'அடிடாஸ் கம்போங்' தெரியுமல்லவா? பெயர்தான் அப்படி, அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே வார்ப்பாக ரப்பரில் ஊற்றிய கறுப்புச் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம். மளிகைக் கடை வாசலில் கயிற்றில் கோத்துத் தொங்கும். என் பெரியம்மா சுங்கை பட்டாணிப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியபோது இதைத்தான் போட்டிருந்தார். விடியற்காலை நாலரைக்கு, நெற்றியில் விளக்கோடு, பனி ஊறிய சரிவில் மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போவார். இன்றைக்கு நாம் ஹெட்லேம்ப் வாங்கி, அதே நேரத்துக்கு எழுந்து, அதே மாதிரிச் சரிவில் ஓடிவிட்டு அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். பெரியம்மாவிடம் சொன்னபோது, "சம்பளம் எவ்ளோ குடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

ஈர மண்ணில் அதன் பிடிமானம் அபாரம். சேற்றில் முங்கினாலும் குழாயடியில் காட்டினால் போதும். குறைகளும் உண்டு. மெத்தை கிடையாது, கூரான கல் ஒவ்வொன்றும் பாதத்துக்குத் தெரியும். தார் ரோட்டில் பாதம் வெந்துவிடும். மொத்தமான நீளக் காலுறை போடாவிட்டால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். இரண்டு மூன்று மாதம் இதில் ஓடிப் பாருங்கள். ஆசை நிலைத்தால் அப்புறம் நல்ல காட்டோட்டச் சப்பாத்து வாங்கலாம். வாங்கும்போது மெத்தையைவிட அடிப்பாகத்தின் பற்களைப் பாருங்கள், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும், இடமில்லாவிட்டால் நகம் கறுத்துப் போகும்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பாப் கிரஹாம் என்பவர் 1932-இல் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைச் சுற்றி வந்தார். கெஸிக் ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர். காலில் டென்னிஸ் சப்பாத்து. அதே மலைகளில் 1975-இல் 72 சிகரங்களைத் தொட்ட ஜாஸ் நெய்லர் ஆடு வளர்க்கும் விவசாயி. மலையோட்டத்தின் பெரிய பெயர்கள் பலவும் இப்படி மலையிலேயே பிழைத்தவர்களுடையவை. அதனால்தான் பெரியம்மாவை ஏதோ ஒப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தடவை எந்தப் பாதை?

மூன் கேட். பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் வட்டமான வாசல் ஒன்று நிற்கும். அதற்குள் நுழைந்தால் உடனே படியும் வேரும் தொடங்கிவிடும். இப்பாதை ஜீப் ரோட்டின் 84-ஆம் ஓய்விடத்தில் போய்ச் சேரும். அங்கே தன்னார்வலர்கள் தேநீர் வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு உண்டியலில் ஏதாவது போடுங்கள், கோப்பையையும் கழுவி வையுங்கள். முதல் நாளுக்கு அது போதும், திரும்பிவிடலாம்.

தெம்பிருந்தால் 84-இலிருந்து ஜீப் ரோட்டிலேயே உச்சிக்குப் போகலாம். மேலே ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. சேற்றுக் காலோடு நுழையாமல் கழுவிக்கொண்டு போய்க் கும்பிடுங்கள். இறங்கக் கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மலை ரயில் இருக்கிறது. 1923 முதல் நூறு ஆண்டுக்கு மேலாகக் களைத்தவர்களை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஏறினால் ஒன்றும் குறைந்துவிடாது. ரயில் கட்டணத்துக்கு எப்போதும் கையில் ஏதாவது வைத்திருங்கள். தீவின் உண்மையான உச்சி இதற்கு மேற்கே உள்ள வெஸ்டர்ன் ஹில், 833 மீட்டர். அது பிறகு.

கடல் பார்த்து ஓட ஆசை என்றால் தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது. வாசலில் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போக வேண்டும். பந்தாய் கெராச்சுட் பாதை மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும், ஒரு மேட்டை ஏறி இறங்கினால் ஆமைகள் முட்டையிடும் கடற்கரை. அங்கே நீந்தாதீர்கள், இழுப்பு அதிகம்.

பினாங்கு மலைப் பகுதியை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஓடும்போது உறிஞ்சும் சத்து ஜெல்லின் உறையைப் பாதையில் வீசுகிறவரை அடுத்த வாரம் கூப்பிட மாட்டோம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? எட்டு மணிக்குத் தொடங்கினால் ஆகாதா?

நாங்கள் கூடுவது ஆறே முக்காலுக்கு, ஓடத் தொடங்குவது ஏழுக்கு. அப்போதும் மரத்தடியில் இருட்டுதான். 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் எழுகிறது. ஆகவே முதல் இருபது நிமிடத்துக்கு விளக்கு வேண்டும்.

சீக்கிரம் தொடங்குவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வெப்பம்: காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாது, சொட்டத்தான் செய்யும், உடம்பு குளிராது. மற்றது இடி: பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மேகம் திரண்டு கொட்டும். பதினொன்றுக்குள் கீழே இறங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை காலையிலும் நம்ப முடியாது. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம், தரை காய்ந்து கிடக்கும். ஆனால் காய்ந்த தரையிலும் ஒரு சூது உண்டு. இந்தத் தீவு கருங்கல்லால் ஆனது, அது உதிர்ந்து பருமணலாகக் கெட்டி மண்மேல் கிடக்கும். உளுந்து கொட்டிய தரையில் நடந்தது மாதிரி வழுக்கும்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. முழங்கால் போய்விட்டதா?

முழங்கால் போகவில்லை, தொடைத் தசை அடி வாங்கியிருக்கிறது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் கனத்தைத் தாங்குகிறது. சுருங்கும் வேலையைவிட இது தசையிழைகளை அதிகம் சேதப்படுத்தும். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். ஒரு முறை இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை நன்றாகவே தாங்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இறக்கம் வேண்டும். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இறங்கும் முறையைச் சொல்கிறேன். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் குதிகால் முதலில் ஊன்றும், வழுக்கும், உட்கார்ந்த வாக்கில் விழுவீர்கள். இடுப்பைக் காலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, அடியைச் சின்னதாக்கி, தடதடவென்று வேகமாக வையுங்கள். கண் பாதத்தைப் பார்க்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும். கைகள் கோழி இறக்கை மாதிரி விரிந்திருக்கட்டும், அழகு பார்க்க யாரும் இல்லை. ஈர வேரில் மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பாசி பிடித்த சிமெண்டுத் தளத்தில் யாராக இருந்தாலும் நடைதான்.

தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513-ஐயும் ஏறி இறங்கினால் பயிற்சி ஆகுமா?

ஏறும் காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் படி எல்லாம் ஒரே மாதிரி, கணுக்கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அப்புறம் என் சொந்தக் கருத்து: காவடி ஏறுகிற படியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்தர்களை இடித்து ஓடுவது எனக்குப் பிடிக்காது. வெறுங்காலோடு, சாமி கும்பிடப் போகிற மாதிரி ஏறுங்கள். மூச்சு தானாக வாங்கும்.

வழி தவறிவிட்டால்?

ஒரு முறை தவறினேன். உச்சியிலிருந்து ஆயர் ஈத்தாம் அணைப் பக்கம் இறங்கும் பாதை. தெரிந்த பாதைதானே என்று மாலை நாலரைக்குக் கிளம்பினேன். முதல் தவறு அது. மழை பிடித்துக்கொண்டது. விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிப் போனவன் மறுபக்கம் வேறொரு தடத்தில் ஏறிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அந்தத் தடம் புதருக்குள் காணாமல் போனது. அப்போதாவது திரும்பியிருக்க வேண்டும். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஓடையைப் பிடித்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று இறங்கினேன். ஓடை இருபதடி பாறையில் அருவியாக விழுந்தது. இருட்டிக் கை விரல் தெரியவில்லை. கைப்பேசியில் ஆறு சதவீதம்.

திரும்பி மேட்டில் ஏறி, அந்த விழுந்த மரத்தையே தேடிப் பிடித்தேன். அங்கே உட்கார்ந்தபோது நாய் குரைப்பது கேட்டது. குரல் வந்த திசையில், கைப்பேசி வெளிச்சத்தில், ஒரு காய்கறித் தோட்டம். முழங்கால் சப்பாத்தோடு வந்த சீன அப்பெக் (பெரியவர்) ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊருக்குள் இறக்கிவிட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் என் மனைவி பேசினாள்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம்: பாதை சந்தேகமானால் கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புவது. ஓடையைப் பின்தொடர்வதில்லை. வரைபடத்தை முதல் நாளே கைப்பேசியில் இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். விசில் ஒன்று பையில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் அது மலைகளில் உதவி கேட்கும் குறி. சிக்னல் இருந்தால் 999. உங்கள் இடத்தின் புள்ளியையும் சொல்லுங்கள், பொம்பா (தீயணைப்பு மீட்புத் துறை) ஆட்கள் வரும்வரை நகராதீர்கள்.

ஓடையில் இறங்கிக் குளிக்கலாமா? தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி விலங்குகளின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கும், தோலில் உள்ள சிராய்ப்பு வழியாகவே உள்ளே போகும். ஓடையில் நனைந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் "காட்டு ஓடையில் இறங்கினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

அதைவிட அவசரமானது 'கெப்பாலா ஆயேர்' என்ற திடீர் ஓடை வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலை மேலே மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். பையை எடுக்கத் திரும்பாதீர்கள், பக்கத்து மேட்டில் ஏறுங்கள்.

பாம்பு?

இருக்கிறது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் சுருண்டு கிடக்குமே, அந்த விரியன் இனம் காட்டிலும் உண்டு. அது தன் பாட்டில் இருக்கும். பார்க்காமல் மரக்கிளையைப் பிடிக்காதீர்கள், அது போதும். குளவிக் கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பாம்பைவிட எனக்குக் குளவிதான் பயம்.

அட்டை கடித்தால் உப்பும் நெருப்பும் வேண்டாம், நகத்தால் நெம்பி எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. குரங்குக்குச் சாப்பாடு காட்டாதீர்கள், பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டாலே வந்துவிடும்.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பிரம்பு. காட்டுப் பிரம்பின் நுனி மெல்லிய சாட்டை மாதிரி பாதைக்குக் குறுக்கே தொங்கும், அதில் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள். ஓடுகிற வேகத்தில் காதிலோ சட்டையிலோ மாட்டும். இழுத்தால் கிழியும். மாட்டியதும் நின்று, ஓரடி பின்னால் வைத்தால் தானாக விட்டுவிடும்.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது?

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் தண்ணீர் போதும். அதற்கு மேல் மணிக்கு அரை லிட்டர் அளவில், தாகத்தைப் பார்த்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், அதுவும் ஆபத்து. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சீனியும் போட்டுக் கொண்டு வாருங்கள். எனக்குப் பிடித்தது 'அசாம் பொய்' என்ற உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம். உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரு கொட்டைக்குள். மூச்சிரைக்கும்போது மட்டும் வாயில் வைத்திருக்காதீர்கள், கொட்டை தொண்டையில் போய் நிற்கும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. வரலாமா?

வரலாம் அண்ணே, டாக்டரைக் கேட்டுவிட்டு. எங்களில் மூன்று பேருக்கு இருக்கிறது. ஊசி போடுகிறவர்களுக்கும் சில மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். சில நேரம் அன்று இரவு தூக்கத்திலும் இறங்கும். கிளம்புமுன் சோதித்துப் பாருங்கள், சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள், பக்கத்தில் ஓடுகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒருவர் பாதி மலையில் உளறத் தொடங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கம்போங் சப்பாத்து போட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

மகள் தனியாகப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

பையனைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. தனியாகப் போய் வழி தவறியவன் நான், கணுக்கால் மடங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் என் மைத்துனன். பிள்ளை யாராக இருந்தாலும் இரண்டு பேராவது போகட்டும், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு வீடு என்று எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். எங்களில் இறக்கத்தில் யாரும் பிடிக்க முடியாதவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகளை அவரோடு அனுப்புங்கள்.

கோலாலம்பூரில் இருக்கிறேன். அங்கே எங்கே ஓடுவது?

புக்கிட் கியாரா, கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகக் காடு, பெட்டாலிங் ஜெயா எல்லையில் புக்கிட் காசிங். காசிங்கில் சிவன் கோயிலும் இருக்கிறது. ஆசை முற்றினால் சிலாங்கூரின் நுவாங் மலை, 1,493 மீட்டர். ஒரு முழு நாள் வேலை அது. தொடக்கத்தில் முடிவே தெரியாத லாரிப் பாதையில் பொறுமை சோதிக்கப்படும். புக்கிட் தபூரில் ஓடாதீர்கள். குவார்ட்ஸ் பாறை முகடு, இரண்டு பக்கமும் பள்ளம், ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

நிரந்தர வனக்காப்பகம் என்ற பலகை இருந்தால் மாநில வன இலாகாவில் கேளுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சில மலைகளுக்கு வழிகாட்டியும் கட்டாயம்.

அடுத்த ஞாயிறு மழை பெய்தால் ஓட்டம் உண்டா?

தூறலுக்கு உண்டு. இடி கேட்டால் கிடையாது. அப்படியும் ஆறே முக்காலுக்கு வாருங்கள், பூங்கா வழியில் உள்ள ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பசியாறிக்கொண்டிருப்போம். புதிதாக வருகிறவர் காசு கொடுக்க வேண்டாம்.